நாயின் துள்ளோட்டம்

"நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வீணே அலைகின்றவரைச் சுட்டிச் சொல்லப்பட்ட மொழியெனினும், நாயின் இயல்பினை உற்று நோக்கியவரே அதனைச் சொல்லியிருத்தல் வேண்டும். அமைதியாகப் படுத்திருந்த நாய் திடுமென எழுகின்றது. வாலை இடுக்கிப் பின்னுடலைத் தாழ்த்திக்கொண்டு வட்டமிட்டு ஓடுகின்றது. எட்டு என்னும் எண்ணைப் போல வளைந்து திரும்புகின்றது. யாரும் துரத்தாமலே துரத்தப்பட்டதுபோல் பறக்கின்றது. சில நிமிடங்கள் கழிந்ததும் நாக்கைத் தொங்கவிட்டு, ஒன்றும் நிகழாததுபோல் படுத்துக்கொள்கின்றது. இதனை நாம் 'துள்ளோட்டம்' என அழைப்போம்.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு நம்மவர் குடியேறியுள்ள தாமான்களிலும் நாய் வளர்க்கும் இல்லங்கள் பல. ஆதலின் இக்காட்சியைக் காணாதவர் நம்மில் சிலரே. ஆயினும் காண்பது வேறு, அறிந்துகொள்வது வேறு. துள்ளி ஓடும் நாயைக் கண்டு, "வெறி பிடித்துவிட்டது" எனக் கூவிக் கம்பெடுப்போரும் உளர். உண்மையிலேயே நோயுற்ற நாயைக் கண்டு, "விளையாடுகின்றது" என அருகிற் செல்லும் சிறுவரும் உளர். முன்னதனால் குற்றமற்ற ஓர் உயிர் மாளும். பின்னதனால் நம் குழந்தையின் உயிருக்கே இடர் நேரும். ஆகவே இவ்விரண்டையும் பகுத்தறிதல் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இன்றியமையாதது.

துள்ளோட்டம் ஏன் தோன்றுகின்றது?

நாய், ஓநாய்க் குலத்தினின்று மனிதரோடு வந்து சேர்ந்த விலங்கு. பதினாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே அது மனிதரோடு வாழ்ந்ததற்குப் புதைகுழிச் சான்றுகள் கிடைத்துள்ளன. நம் தீபகற்பத்தின் பூர்வகுடி மக்களும் நெடுங்காலமாக நாய் வளர்த்து வந்துள்ளனர். அவர்தம் நாய்களுள் ஒருவகை, தெலோம் ஆற்றின் பெயரால் 'தெலோமியான்' என உலகில் அறியப்படுகின்றது. ஓடித் திரிவதற்கென அமைந்த அவ்வுடல் ஓடாமல் அடைபட்டுக் கிடக்குமாயின், அதன் ஊக்கம் ஒருங்கே வெளிப்படுகின்றது.

பெற்றோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டவோ செம்பனைக் குலை அறுக்கவோ சென்றுவிடுகின்றனர்; பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடுகின்றனர். நாய் மட்டும் வீட்டின் பின்புறத்தில் ஆறடிச் சங்கிலியில் கிடக்கின்றது. மாலையில் சங்கிலி அவிழ்ந்ததும் அது பித்தேறியதுபோல் ஓடுவதில் வியப்பென்ன? பள்ளிக்கூடத்தின் இறுதி மணி அடித்ததும் நம் மாணவர் ஓடுவதில்லையா?

அடைபட்டிருத்தலேயன்றிப் பிற காரணங்களும் உள. குளிப்பாட்டியவுடன் பல நாய்கள் ஓடும். மலம் கழித்தபின் சில ஓடும். வேலைக்குச் சென்ற தலைவர் திரும்பி வருங்கால் மகிழ்ச்சியினால் ஓடும். அச்சமும் மனநெருக்கடியும் நீங்கியவுடன் ஓடுவதும் உண்டு. காலையும் மாலையும் நாய்கள் சுறுசுறுப்புறும் வேளைகளாதலின் ஓட்டமும் அப்பொழுதுகளிலேயே மிகுதி. குட்டிகளிடமும் இளநாய்களிடமும் இது அடிக்கடி தோன்றும். வயது ஏற ஏறக் குறையும்.

விலங்குகளின் விளையாட்டை ஆராய்ந்த ஸ்பிங்கா, நியூபெரி, பெக்காஃப் என்னும் மூன்று அறிஞர்கள் 2001ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டனர். எதிர்பாராமல் வழுக்கும்போதும், தடுமாறும்போதும், உடலையும் மனத்தையும் விரைவில் நிலைப்படுத்திக்கொள்ளும் பயிற்சியே விளையாட்டு என்பது அதன் சாரம். ஆதலின் துள்ளோட்டத்தை நாயின் குறும்பு என்று மட்டும் கருதற்க. அஃது அதன் உடற்பயிற்சியாகவும் அமைகின்றது.

வெறிநோயினின்று வேறுபாடு

இனி, உயிர்காக்கும் பகுதிக்கு வருவோம். வெறிநோய் நம் நாட்டிற்கு அயலானதன்று. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடையே அது காணப்பட்டது. 2017இல் சரவாக் மாநிலத்தில் பரவி, குழந்தைகள் உட்படப் பலருடைய உயிரைக் கொண்டது. ஆகவே அச்சமும் வேண்டும். அவ்வச்சம் அறிவோடு கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

துள்ளோட்டம் சில நிமிடங்களில் அடங்கும். வெறிநோயின் குறிகள் அடங்கா, நாளுக்கு நாள் முற்றும். துள்ளி ஓடும் நாயின் உடல் தளர்ந்து நெகிழ்வாக இருக்கும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி விளையாட அழைக்கும். தன்னை வளர்த்தவரை அறியும். ஓட்டம் முடிந்ததும் பழைய நாயாகவே இருக்கும். வெறிநோயுற்ற நாயோ தன் இயல்பே மாறிவிடும். சாதுவான நாய் காரணமின்றிக் கடிக்கும், கல்லையும் கட்டையையும் கவ்வும், குரைப்பொலி மாறும், விழுங்க இயலாமல் எச்சில் ஒழுகும், தாடை தொங்கும், பின்னங்கால் தள்ளாடும். இக்குறிகள் தோன்றியபின் பெரும்பாலும் பத்து நாள்களுக்குள் அது மடிந்துவிடும்.

இங்கு இரண்டு தவறான எண்ணங்களைக் களைதல் நன்று. வெறிநோயுற்ற நாய் எல்லாம் வெறிகொண்டு ஓடும் என்பதில்லை. ஒருவகை நோயில் நாய் ஒடுங்கி, மூலையில் கிடந்து, முடங்கிப்போகும். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி அதன் வாய்க்குள் கைவிடுதல் பேரிடர். இரண்டாவதாக, நீரைக் கண்டு அஞ்சுதல் நோயுற்ற மனிதரிடம் தோன்றும் குறி. நாயிடம் அதனை எதிர்பார்த்தல் கூடாது. தண்ணீர் குடிக்கின்றது, ஆகவே நோயில்லை எனத் துணிதல் பிழை.

எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் முதலியவற்றை அப்புதல் ஆகாது. உடனே மருந்தகத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்க. நாயடிக்கு அஞ்சி மறைக்கும் பிள்ளை வீட்டடிக்கும் அஞ்சுமாயின் செய்தி வெளிவராது. ஆகையால் பெற்றோர் கடிந்துகொள்ளாமல் கேட்டறிதல் வேண்டும். 1885ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், நாயால் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மைஸ்டருக்குத் தடுப்பு மருந்தேற்றிக் காத்தார். குறிகள் தோன்றியபின் இந்நோய்க்குத் தப்புவோர் மிக அரியர். தோன்றுமுன் முறையாக மருந்தேற்றிக்கொள்வோர் காக்கப்படுவர். காலமே மருந்தின் பாதி.

மாணவர் செய்ய வேண்டுவன

"ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு எளிது" என்பர். நாய்க்கு இது முற்றும் பொருந்தும். துள்ளி ஓடும் நாயின்முன் நாமும் ஓடினால், அது நம்மையும் விளையாட்டிற் சேர்த்துக்கொள்ளும். அதன் நோக்கம் விளையாட்டேயாயினும், இருபது கிலோ எடையுள்ள நாய் மோதினால் முதலாம் ஆண்டு மாணவன் விழுந்து அடிபடுவான். ஆகவே கூச்சலிடாமல், பால்மரம் போல் அசையாது நில்லுங்கள். கைகளை மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாயின் கண்களை உற்று நோக்காமல் தரையைப் பாருங்கள். கல்லை எடுக்காதீர்கள். நாய் அகன்றபின் மெல்ல நடந்து செல்லுங்கள்.

வளர்ப்போர் செய்ய வேண்டுவன

ஓடும் நாயைத் துரத்திப் பிடிக்க முயலற்க. துரத்தத் துரத்த அதன் ஓட்டம் மிகும். அதட்டலும் அடியும் அச்சத்தையே வளர்க்கும். எதிர்ப்புறமாக நடந்து, இனிய குரலில் பெயர் சொல்லி அழையுங்கள். பந்தொன்றை வெற்றிடத்தின் பக்கம் எறியுங்கள். வந்தவுடன் தட்டிக்கொடுங்கள். வந்த பின்னர் அடித்தால், மறுமுறை அது வாராது.

இடத்தையும் செம்மைப்படுத்துதல் வேண்டும். வழுக்கும் சிமெந்துத் தரையில் ஓடினால் கால் சுளுக்கும், புல்தரையே நன்று. கத்தி, அரிவாள், கண்ணாடித் துண்டு ஆகியவற்றை அகற்றி வையுங்கள். லாரியும் மோட்டார் சைக்கிளும் செல்லும் சாலையோரம் அவிழ்த்துவிடாதீர்கள். நண்பகல் வெயிலில் ஓடவிடுதலும் தீது. நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் நிழலும் நீரும் தருக.

எல்லாவற்றினும் மேலானது, காலையிலும் மாலையிலும் நாயை நடத்திச் செல்லுதல். நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கும் நாய், நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாயினும் அமைதியுடையது. தாமான் வீடுகளில் வாழ்வோர் கழுத்துப்பட்டையும் கயிறுமின்றி நாயை வெளியே விடலாகாது. அண்டை வீட்டார் சமயநெறி காரணமாக நாயைத் தீண்டாதவராக இருக்கலாம். அவர் உணர்வை மதித்தல் நம் கடமை. ஊராட்சி மன்றத்தில் உரிமம் எடுப்பதும், கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டறிவதும் அவ்வாறே.

மணிக்கணக்கில் தன் வாலையே துரத்துதல், தன்னைத்தானே கடித்தல், கீழே விழுந்து கைகால் உதைத்தல், முதிய நாய் திடீரென மாறுதல் ஆகியவை துள்ளோட்டம் அல்ல. உண்ணியும் அரிப்பும் காரணமாகலாம்; வலிப்பும் ஆகலாம். அவற்றை மருத்துவரே அறிவார்.

விலங்குகள் நலச் சட்டம் 2015 நம் நாட்டில் நடப்பில் உள்ளது. விலங்கினை வதைத்தல் குற்றமென அது விதிக்கின்றது. எனினும் சட்டத்திற்கு அஞ்சி இரங்குவதினும் அறிந்து இரங்குவது சிறப்பு. மாணவச் செல்வங்களே, இன்று மாலை உங்கள் வீட்டு நாய் துள்ளி ஓடுமாயின், எத்தனை நிமிடம் ஓடுகின்றது, ஓடுமுன் என்ன நிகழ்ந்தது, ஓடியபின் என்ன செய்கின்றது எனக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் அவ்வாறு குறித்தால், உங்கள் நாயை உங்களினும் அறிந்தவர் வேறு ஒருவர் இரார். யாரேனும் கம்போடு வருங்கால், "பொறுங்கள், இது வெறியன்று" எனத் துணிந்து சொல்லவும் அவ்வறிவே உங்களுக்குத் துணைநிற்கும்.