பயிற்சி தந்தார்கள், வேலை எங்கே?

மே தினக் கொடியைத் தூக்கிய ஒவ்வொரு தோழருக்கும் சிகாகோ என்ற பெயர் தெரியும். 1886-ம் ஆண்டு எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் திரண்டதும், ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்ததும், மறு ஆண்டு நவம்பரில் நான்கு பேர் தூக்கிலே தொங்கியதும் அந்த நகரில்தான். அந்தச் சிகாகோ இருக்கும் மாநிலத்தின் பெயர் இல்லினாய். பூமிக்கடியிலே நிலக்கரி குவிந்து கிடக்கும் மாநிலம். 1909-ல் செர்ரி என்ற சிற்றூரின் சுரங்கத்தில் தீப்பிடித்து 259 பேர் மாண்டது அங்கேதான். சுரங்கத் தொழிலாளிக்காக ஊர் ஊராகச் சென்று முழங்கிய மூதாட்டி மதர் ஜோன்ஸ் 1930-ல் கண் மூடியபோது, அவரை அடக்கம் செய்ததும் அந்த மாநிலத்து மவுண்ட் ஆலிவ் ஊரில், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கல்லறைத் தோட்டத்திலே.

அங்கே இன்று நிலக்கரி விடைபெற்றுக் கொண்டிருக்கிறது. சிகாகோ நகருக்குள்ளேயே, ஏழை எளியவர் நெருங்கி வாழும் பகுதியில், புகை கக்கிக் கொண்டிருந்த ஃபிஸ்க், கிராஃபோர்டு என்ற இரண்டு அனல் மின் நிலையங்கள் 2012-ல் மூடப்பட்டன. 2022-ல் வாக்கீகன், வில் கவுண்டி, ஜோப்பா ஆகிய இடங்களில் நிலக்கரி அடுப்பு அணைந்தது. 2021 செப்டம்பர் 15-ம் நாள் கவர்னர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட சட்டம், தனியார் கையிலுள்ள நிலக்கரி நிலையங்கள் 2030-க்குள் புகையை அடியோடு நிறுத்த வேண்டும் என்கிறது. 2050-ல் மாநிலம் முழுவதற்கும் தூய மின்சாரம் என்பது அதன் இலக்கு. சூரியனும் காற்றும் இனி விளக்கேற்றும்!

நல்ல காரியம். மறுப்பார் யார்? புகைபோக்கிக்குப் பக்கத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் சீமான்களா? அல்ல. அந்தப் புகையை விழுங்கியது பாட்டாளியின் பிள்ளை. மூச்சுத் திணறி விடிய விடிய விழித்திருந்தது அந்தத் தாய். ஆகவே அடுப்பு அணைவதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால், கொதிகலன் அருகே இருபது ஆண்டுகள் நின்று உடலைக் கருக்கிக் கொண்டவன் நாளைக்கு எங்கே போவான்? இத்தனை நாள் புகையை மட்டும் பங்காகப் பெற்ற பக்கத்துத் தெரு இளைஞனுக்கு, புதிதாக வரும் வேலையிலே பங்கு உண்டா, இல்லையா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்லாமல் "தூய மின்சாரம், தூய மின்சாரம்" என்று பேசுவது, பந்தி போட்டுவிட்டு இலை போட மறுப்பதைப் போன்றது.

அந்த நாட்டார் இதற்குச் சொல்லும் விடை: பயிற்சி மானியம். மானியம் என்றதும் நமக்கு நினைவு வருவது கோயில் மானியம், இனாம் நிலம், உர மானியம். அங்கே அவர்கள் சொல்வது வேறு வகை. சர்க்கார் ஒரு தொகையை ஒதுக்குகிறது. தொழிற் கல்லூரி, தொழிற்சங்கம், ஊர்ச் சேவை நிலையம் ஆகியவை அதற்கு மனுப் போடுகின்றன. பணம் பெற்ற நிலையம் ஆள் சேர்த்து, கூரைமேல் சூரிய மின் தகடு பொருத்தவும், முந்நூறு அடி உயரக் காற்றாலைக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கவும், வீட்டுச் சுவரிலே சூடு கசியாமல் அடைக்கவும் கற்றுத் தர வேண்டும். திருப்பித் தர வேண்டாத பணம். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது!

இந்த இனிமையை 2009-லேயே சுவைத்துப் பார்த்துவிட்டார்கள். பொருளாதாரம் சரிந்து, ஆலைகள் மூடி, வேலையற்றோர் வரிசை நீண்டிருந்த நேரம். ஒபாமா ஆட்சி கொண்டுவந்த ஊக்கச் சட்டத்தில் தூய மின்சக்தி வேலைகளுக்கான பயிற்சிக்கென்று 50 கோடி டாலர் தொழிலாளர் துறைக்குத் தரப்பட்டது. 2011 ஜூன் முடிய என்ன ஆயிற்று என்று அந்தத் துறையின் தணிக்கைத் தலைவரே கணக்கெடுத்தார். பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 52,762 பேர். வேலையிலே அமர்ந்தவர்கள் 8,035 பேர். ஆறு மாதம் அந்த வேலையில் நிலைத்தவர்கள்? 1,033 பேர்!

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணக்கெடுத்த நாளில் திட்டம் முடியவில்லை. பயின்றவர்களில் ஏற்கெனவே வேலையிலிருந்தவர்களும் உண்டு. பின்னால் எண்ணிக்கை கூடியது. ஆனாலும், எதிரிகள் அந்த 1,033-ஐப் பிடித்துக் கொண்டார்கள். "பார்த்தீர்களா, தொழிலாளிக்குச் செலவழித்த பணம் ஆற்றிலே கரைத்த புளி" என்றார்கள். குற்றம் தொழிலாளியுடையதா? இல்லை, கற்றுக் கொடுத்த ஆசிரியருடையதா? சூரியத் தகடு பொருத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். தகடு பொருத்தும் வேலையே அன்று அந்த ஊர்களில் போதிய அளவு இல்லை. ஏர் பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு நிலத்தைக் காட்டாமல் அனுப்பினால், விளைச்சல் எங்கிருந்து வரும்?

இல்லினாய் அடுத்த முயற்சியில் இறங்கியது 2016-ல். மின்சாரக் கம்பெனியான காம்எட், மூன்று தவணையாக, 2017, 2021, 2025 ஆண்டுகளில், தவணைக்கு 1 கோடி டாலர் வீதம் 3 கோடி டாலர் பயிற்சிக்குத் தர வேண்டும் என்று அந்த ஆண்டின் சட்டம் விதித்தது. தொழிற்சங்க அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஒரு பங்கு, சூரிய மின் பயிற்சிக்கு ஒரு பங்கு, சிறுபான்மை மக்களிடையே பணிபுரியும் அமைப்புகளுக்கு ஒரு பங்கு. பாராட்டலாம். ஆனால் அதே சட்டத்தின் அடுத்த பக்கங்களையும் புரட்ட வேண்டாமா? காம்எட்டின் தாய்க் கம்பெனியான எக்ஸிலானின் இரண்டு அணு மின் நிலையங்கள் நட்டத்தில் மூடிவிடாமல் இருக்க, ஆண்டுக்கு 23.5 கோடி டாலர் வரை, பத்தாண்டுகளுக்கு! தொழிலாளியைப் பழக்கப் பத்தாண்டு முழுவதற்கும் 3 கோடி. முதலாளியின் நிலையத்தைத் தாங்க ஒரே ஆண்டுக்கு 23.5 கோடி. அணு நிலையத்திலும் தொழிலாளர் உண்டு, அவர்கள் சங்கமும் அந்த உதவியை ஆதரித்தது என்பது உண்மையே; அந்த வேலைகள் காக்கப்பட வேண்டியவையே. இருந்தாலும் தராசின் இரு தட்டையும் ஒரு முறை பார்த்துக் கொள்வதிலே தவறில்லை.

2021 சட்டத்தில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. பதின்மூன்று இடங்களில் பயிற்சி மையங்கள் என்று ஊர்ப் பெயரையே சட்டத்தில் எழுதினார்கள். சிகாகோவிலே இரண்டு, மற்றவை வாக்கீகன், ராக்ஃபோர்டு, அரோரா, ஜோலியட், பியோரியா, சாம்பெய்ன், டான்வில், டெக்கேட்டர், கார்பண்டேல், கிழக்கு செயின்ட் லூயி, ஆல்ட்டன். பெயர்களை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவற்றில் பல, ஆலை மூடிய ஊர்கள். கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் ஊர்கள். சுரங்க மாவட்டத்து ஊர்கள். பணம் தலைநகரத்துப் பெரிய கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு, மிச்சம் மீதி கீழே வழியட்டும் என்று விடவில்லை. யாருக்கு முதலிடம் என்பதையும் சட்டமே சொல்கிறது: மூடிய மின் நிலையத்தில் வேலை இழந்தவர், புகை மண்டிய பகுதியில் வாழ்ந்தவர், சிறையிலிருந்து வெளிவந்தவர், பெற்றோரில்லாமல் அரசின் பாதுகாப்பில் வளர்ந்தவர். சிறைக்குள்ளேயே, விடுதலை நெருங்கும் கைதிகளுக்கும் ஒரு பயிற்சித் திட்டம் உண்டு.

இன்னொன்று, அதுதான் நம் மனத்தைத் தொடுவது. பயிற்சி இலவசம் என்று பலகை மாட்டிவிட்டால் போதுமா? பயிற்சிக்கு வரும் நாளில் கூலி இல்லை. கைக்குழந்தையை யாரிடம் விடுவது? பஸ்ஸுக்குக் காசு? பூட்ஸு, தொப்பி, கருவிப் பை வாங்கப் பணம்? மூன்று மாதம் பட்டினி கிடந்து படிக்கக் கூடியவன் தொழிலாளி அல்லன். அவன் வீட்டில் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருப்பவன். இதை உணர்ந்து, குழந்தைக் காப்பு, போக்குவரத்து, உடை, கருவி, பயிற்சிக் கால உதவித் தொகை ஆகியவற்றுக்கென்றே தனியாக ஒரு மானியத் திட்டத்தைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 'தடை நீக்கும் திட்டம்' என்றே அதற்குப் பெயர். சட்டம் எழுதும் மேசையருகே, வயிற்றுப் பசி அறிந்த யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று இதைப் படிக்கும்போது தோன்றுகிறது. நிலையம் மூடியதால் வேலை இழந்தவரின் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக் கழகங்களில் படிக்க உதவித் தொகை, வரி வருமானம் இழந்த ஊராட்சிகளுக்கு நிதி, இவையும் உண்டு.

2009-ன் பாடம் மறக்கப்படவில்லை. பயிற்சி ஒரு கையென்றால், வேலை மறு கை. சர்க்காரின் ஆதரவு பெறும் சூரிய, காற்று மின் திட்டங்களில், இப்படிப்பட்ட மக்களுக்கு முதலில் 10 சதவிகித வேலை, 2030-க்குள் 30 சதவிகிதம் என்று கணக்கு வைத்தார்கள். பெரிய திட்டங்களைத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து கொண்டே கட்ட வேண்டும். வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறையக் கூடாது. இவை தானாக வந்தவையா? இல்லை. சங்கங்கள் ஒருபுறம், சுற்றுப்புறம் காக்கும் அமைப்புகள் மறுபுறம், மாதக் கணக்கில் மல்லுக்கு நின்றன. தெற்கே உள்ள மாபெரும் 'பிரெய்ரி ஸ்டேட்' நிலக்கரி நிலையத்தை எப்போது மூடுவது என்பதிலே பேச்சு முறியும் கட்டம் வரை போயிற்று. பொதுத் துறைக்குச் சொந்தமான அதற்கு 2045 வரை தவணை, இடையில் 2035-க்குள் புகையில் 45 சதவிகிதம் குறைப்பு என்று முடித்துக் கொண்டார்கள். செப்டம்பர் 13-ம் நாள் செனட் சபையில் 37-க்கு 17 என்ற வாக்கில் மசோதா நிறைவேறியது.

சட்டம் வந்துவிட்டது. வகுப்பு எப்போது தொடங்கியது? இங்கேதான் நெஞ்சு கனக்கிறது. விதி எழுதி, விண்ணப்பம் கோரி, பரிசீலித்து, கையெழுத்து வாங்கிப் பயிற்சி மையங்கள் உருவாவதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடிவிட்டன. மின் நிலையம் மூடுவதற்கு மட்டும் யாரும் காத்திருக்கவில்லை. ஜோப்பாவின் அடுப்பு 2022-லேயே அணைந்துவிட்டது. வேலை போன மாதமே வீட்டுக் கடன் தவணை வந்துவிடும்; கோப்பு நகரும் வரை பொறுத்திரு என்று கடன்காரனிடம் சொல்ல முடியுமா?

மானியப் பணம் வரும் முறையிலும் ஒரு முள் உண்டு. முதலில் செலவு செய், ரசீதைக் காட்டு, பிறகு பணம் தருகிறோம் என்பது அந்நாட்டு மானியங்களில் பரவலான வழக்கம். பெரிய கல்லூரிக்கு அது கஷ்டமில்லை. வங்கியில் பணம் இருக்கும். தெருமுனையில் இரண்டு அறை வைத்துக் கொண்டு, தன் வட்டாரத்து இளைஞரை அழைத்து வரும் சிறு சங்கம் மூன்று மாதச் சம்பளத்தை எங்கே கடன் வாங்கும்? ஏழைக்காக ஒதுக்கிய நிதியை ஏழையின் அமைப்பு தொட முடியாமல் போவது இப்படித்தான். சதி செய்ய ஆள் வேண்டியதில்லை, படிவம் போதும்.

இந்த நிலையில், வாஷிங்டனிலிருந்து 2022 ஆகஸ்டில் ஒரு பெரிய துணை வந்தது. பைடன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் முதலாளியிடம் அவன் மொழியிலேயே பேசியது. சூரிய, காற்று மின் நிலையம் கட்டினால் முதலீட்டில் 6 சதவிகிதம் வரிச் சலுகை. வட்டாரக் கூலியும் கொடுத்து, அப்ரண்டிஸ் தொழிலாளரையும் வேலைக்கு வைத்தால் ஐந்து மடங்கு, அதாவது 30 சதவிகிதம்! மொத்த வேலை நேரத்தில் 2022-ல் தொடங்கும் பணிக்கு 10 சதவிகிதம், 2023-ல் 12.5, அதற்குப் பின் 15 சதவிகிதம் அப்ரண்டிஸ்கள் செய்ய வேண்டும். மனு இல்லை, படிவ மலை இல்லை. கற்றுக் கொள்பவனை வேலைக்கு வைத்தால் லாபம், வைக்காவிட்டால் நட்டம். நூறு பயிற்சிப் பள்ளி செய்யாத வேலையை இந்த ஒரு கணக்கு செய்யும் என்று நான் நம்புகிறேன்.

ஓட்டை இல்லாமலில்லை. ஒரு மெகாவாட்டுக்குக் குறைந்த சிறு பணிகளுக்கு அந்த நிபந்தனை கிடையாது. முழுச் சலுகையும் சும்மா கிடைக்கும். வீட்டுக் கூரை வேலைகள் எல்லாம் இந்த வகைதான். சில வாரப் பயிற்சி முடித்த இளைஞன் முதலில் போய்ச் சேருவதும் பெரும்பாலும் அங்கேதான். இல்லினாய் சட்டம் அந்த ஓட்டையைக் கடை, பள்ளி, ஆலைக் கூரைகள் மட்டில் அடைத்தது. வீட்டுக் கூரையை விட்டுவிட்டது.

பிறகு ஆட்சி மாறியது. 2025 ஜூலை 4, சுதந்திரத் திருநாளில், டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் சூரிய, காற்று மின் சலுகைக்கு முடிவு கட்டியது. 2026 ஜூலை 4-க்குள் கட்டத் தொடங்காத நிலையம், 2027 முடிவதற்குள் மின்சாரம் தந்தாக வேண்டும். இல்லையேல் சலுகை இல்லை. அடுத்த மாதமே, ஏழை வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் தர ஒதுக்கப்பட்டிருந்த 700 கோடி டாலர் திட்டம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன.

இல்லினாயின் பதின்மூன்று மையங்கள் மாநிலச் சட்டத்தில் பிறந்தவை. அவற்றின் பணம் அந்த மாநிலத்து மக்கள் கட்டும் மின் கட்டணத்திலிருந்து வருகிறது; வாஷிங்டன் அதிலே கை வைக்க முடியாது. ஆனால் அங்கே பயின்றவன் ஏற வேண்டிய கூரையும், கம்பி இழுக்க வேண்டிய களமும் பெரும்பாலும் வாஷிங்டனின் சலுகையை நம்பித் திட்டமிடப்பட்டவை. மின்சாரத் தொழிலாளர் சங்கத்தின் அப்ரண்டிஸ் பயிற்சி ஐந்தாண்டு. பகலில் வேலை, அதற்குக் கூலி, ஆண்டுக்கு ஆண்டு கூலி உயர்வு, இடையிடையே வகுப்பு. வேலை இருந்தால்தான் அந்தப் பயிற்சியே நடக்கும். 2025-ல் அதிலே சேர்ந்த பியோரியா இளைஞன் முழுத் தொழிலாளியாக வெளிவரும் ஆண்டு 2030. தனியார் நிலக்கரி நிலையங்களின் கடைசி அடுப்பும் அணைய வேண்டிய ஆண்டும் அதுவே.