வீடியோ வேண்டாம், மூணு நிமிஷக் குரல் போதும்

டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிழைக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் இயற்கை விவசாயம் பற்றிக் கேட்பதுண்டு. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் தாத்தா நிலம் தரிசாகக் கிடக்கும். ஆனா ஷிப்ட் வேலை பார்க்கிறவன் காலையில 10 மணி வகுப்புக்கு எப்படிப் போவான்? இவர்களுக்குப் பாடம் கைபேசி வழியாகத்தான் வர வேண்டும். பல்கலைக்கழகங்களோ நிதி இல்லை என்கின்றன. அது உண்மைதான். கொஞ்சம் நிதி வந்தாலும் முதலில் வாங்குவது ஸ்மார்ட் போர்டுதானே!

இதற்கு முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. (பசுமைப் புரட்சி விஷயத்துல அவரோட நமக்குச் சண்டை உண்டு, அது வேற கணக்கு.) வில்லியனூர் மையத்திலிருந்து ஊர்களுக்கு வயர்லெஸ் வழியே தகவல் போனது. கரண்ட் நிக்கிற ஊர்ங்கிறதால சோலார் தகடு வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இறக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர் முடிவெடுக்க அது உதவியது.

சென்னையிலேயே அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் சமுதாய வானொலி தொடங்கியது. குரல் வழிப் பாடம் நமக்குப் புதிதல்ல.

இப்போது ஸ்வயம் தளத்தில் பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஆனால் பெரும்பாலும் ஆங்கில வீடியோ, டேட்டாவைத் தின்னுடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் தமிழிலும் எழுத்தாக இருக்கிறது. ரசாயனப் பரிந்துரையும் கலந்திருக்கும், பார்த்துப் படிங்க.

அமிர்தக் கரைசலையே எடுத்துக்கொள்வோம். சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், நாட்டுச் சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 200 லிட்டர். கலக்கி 24 மணி நேரம் வைத்துப் பாசன நீரில் விட்டால் ஒரு ஏக்கருக்கு ஆகும். இதைச் சொல்ல வீடியோ எதற்கு? மூணு நிமிஷக் குரல்பதிவு போதும். டீ குடிக்கிற நேரத்துல கேட்டுடலாம்.

கைவேலையைப் போனில் கற்றுத்தர முடியாது. அதற்கு மாதம் ஒரு ஞாயிறு வளாகத்துக்கு வந்தால் போதும். அங்கே முதலில் வேண்டியது விடுதிச் சமையலறையை ஒட்டி ஒரு எரிவாயுக் கலன். 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். கல்லூரியில் மாடு ஏது? ஆனால் மிச்சச் சோறும் காய்த்தோலும் நிறைய உண்டு; கிலோவுக்குக் கிலோ சாணத்தைவிட அதிக வாயு தரும். தொடக்கத்தில் மட்டும் சாணக்கரைசல் ஊற்றி நுண்ணுயிரைப் பெருக்க வேண்டும். சோற்றை ஒரேயடியாகக் கொட்டினால் புளித்து வாயு நின்றுபோகும். கொஞ்சம் கொஞ்சமா போடணும். வாயு அடுப்புக்கு, வெளியே வரும் கழிவுக் கரைசலைத் தண்ணீர் கலந்து அங்கேயே கீரைப் பாத்திக்கு விடலாம்.