இரயில் வண்டியை நேசித்த மூன்று குருக்கள்

குடும்பச் சந்திப்புக்காக வீடு வீடாகச் செல்லும்போது, கூடத்தின் ஏதேனும் ஒரு மூலையில் முகம் வரைந்த நீலநிற இஞ்சின் ஒன்றைக் காணாமல் திரும்புவது இப்போதெல்லாம் அரிது. "தாமஸ்" என்று அதன் பெயரைக் குழந்தைகளே நமக்குச் சொல்லித் தருகின்றனர். 1984 முதல் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கிய அவ்விஞ்சினைப் படைத்தவர் விளையாட்டுப் பொருள் வணிகர் அல்லர். இங்கிலாந்தில் பங்குப் பணி புரிந்த குரு ஒருவரே அவர் என்று நாம் கூறியபோது, ஒரு வீட்டுப் பெரியவர் நம்ப மறுத்துவிட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வில்பர்ட் ஆட்ரி 1911-ஆம் ஆண்டு ஹாம்ப்ஷயரில் உள்ள ஆம்ப்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தவர். ஆங்கிலிக்கன் சபைக் குருவாகிய அவர் தந்தைக்கும் இரயில் மோகம் உண்டு. தம் தோட்டத்தில் 40 கஜ நீளத்துக்கு மாதிரி இரயில் பாதை ஒன்றை அமைத்து மகிழ்ந்தவர் அவர். பின்னர் குடும்பம் பாக்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டருகே பெரிய இருப்புப் பாதை. சுரங்கத்தை நோக்கி ஏறும் மேட்டில் சரக்கு வண்டிகள் இரவெல்லாம் திணறும். பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்க வேறொரு இஞ்சின் வரும். படுக்கையில் விழித்திருந்த சிறுவனின் காதுக்கு அவை இரண்டும் உரையாடுவது போலவே கேட்டது. முன்னது முடியாது என்று மூச்சு வாங்க, பின்னது முடியும் என்று ஊக்குவித்ததாம்.

இளங்குருவான ஆட்ரிக்குச் சோதனை விரைவில் வந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, போரை ஏற்கத் தம் மனச்சான்று இடம் தராது என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். அதன் விளைவாகத் துணைக் குருப் பணியை இழந்தார். மனைவியும் கைக்குழந்தையுமாக நின்றவருக்கு பர்மிங்காம் ஆயர் தம் மறைமாவட்டத்தில் கிங்ஸ் நார்ட்டன் பங்கில் இடம் அளித்தார். அங்கேதான் சிறுவன் கிறிஸ்டபருக்குத் தட்டம்மை கண்டது. இருட்டறையில் சோர்ந்து கிடந்த மகனுக்குத் தந்தை இஞ்சின் கதைகளைச் சொன்னார். மறுநாள் ஒரு சொல் மாறினாலும் மகன் விடவில்லை. வேறு வழியின்றிப் பங்கின் பழைய சுற்றறிக்கைத் தாள்களின் பின்புறத்தில் கதைகளை எழுதி வைத்துக்கொண்டார். அவர் மனைவி வற்புறுத்தியிராவிட்டால் அத்தாள்கள் அடுப்புக்குத்தான் போயிருக்கும். முதல் நூல் 1945-இல் வெளிவந்தது. 1972-க்குள் நூல்கள் 26 ஆயின. தாமஸோ, துடைப்பக் கட்டையும் மரத்துண்டுகளும் கொண்டு தந்தை செய்துகொடுத்த விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்தவன். போர்க்காலத் தட்டுப்பாட்டில் பெரிய இஞ்சின் செய்யப் பொருள் கிடைக்கவில்லை.

நூல்கள் பரவியதும் சிறுவர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. ஒரு படத்தில் இருப்பது இன்னொரு படத்தில் இல்லையே என்று குறுக்கு விசாரணை செய்தனர்! ஆட்ரி அக்கடிதங்களைச் சிரித்து ஒதுக்கவில்லை. கதைகள் நிகழும் நிலத்தையே ஒழுங்காக வரையறுக்க முனைந்தார். மான் தீவுக்குச் சென்றபோது, அவ்விடத்து ஆயரின் பட்டம் "சோடோர், மான்" என இரு பெயர் தாங்கியிருப்பதைக் கண்டார். மான் என்னும் தீவு இருக்கிறது. சோடோர் என்னும் தீவைக் கடலில் காணோம். ஆயர் பட்டத்தில் அனாதையாய் நின்ற அப்பெயருக்கு ஒரு தீவையே படைத்தார். தம் சகோதரருடன் அமர்ந்து அதற்கு மலை, ஆறு, வரலாறு, மொழி அனைத்தும் வகுத்தார். பின்னர் அத்தீவின் ஒரு கிளைப் பாதையை மாதிரியாகக் கட்டிக் கண்காட்சிகளுக்கும் எடுத்துச் சென்றார்.

இங்கே மாதிரி இரயில் கலை பற்றிச் சிறிது கூற வேண்டும். அக்கலையில் ஈடுபட்டோரிடம் "பொம்மை இரயில்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இங்கிலாந்தில் மிகுதியாக வழங்கும் அளவில், மெய்யான வண்டியின் ஓர் அடி மாதிரியில் 4 மில்லிமீட்டர் ஆகிறது. ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. அவ்வளவு சுருக்கியும் ஒரு மைல் தூரத்துக்கு 69 அடி நீளக் கூடம் வேண்டும். எந்த வீட்டில் இருக்கிறது? எனவே மறைவான இடத்திலிருந்து வண்டி வெளிவந்து, நிலையத்தில் நின்று, மீண்டும் மறைவுக்குள் செல்லும்படி அமைக்கின்றனர். வேடிக்கை என்னவெனில், கணக்குப்படி தண்டவாளங்களுக்கு இடையே 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வழக்கத்தில் இருப்பதோ 16.5. இங்கிலாந்து இஞ்சின்கள் உடல் சிறுத்தவை. அந்நாளைய மோட்டார் அவற்றின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டுப் பாதையை மட்டும் பழையபடி விட்டுவிட்டனர். இத்தவற்றைப் பொறாமல், 18.83 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தம் கையாலேயே தண்டவாளம் பதிப்போரும் உளர். அவர்களின் பொறுமையில் பாதி நமக்கு வாய்த்தால் நம் ஆலயக் கணக்குகள் எப்போதோ நேராகியிருக்கும்.

நண்பர்கள் கூடி ஓட்டும்போதுதான் இக்கலை சிறக்கிறது. ஒருவர் ஒரு நிலையத்துக்கும் மற்றவர் அடுத்ததற்கும் பொறுப்பேற்பர். அட்டவணைப்படி வண்டி புறப்படும். மணி அடித்து அனுமதி கேட்பர். விரைவு வண்டிக்கு 4 அடி. சாதாரணப் பயணி வண்டிக்கு 3 அடித்து, நிறுத்தி, 1 அடி. ஆபத்து என்றால் 6 அடி. மறுமுனை நண்பர் திருப்பி அடிக்கும்வரை வண்டி நகராது.

ஆட்ரிக்கு அத்தகைய நண்பர் ஒருவர் இருந்தார். லெஸ்டர்ஷயரில் கேட்பி என்னும் சிற்றூருக்கு 1960-இல் பங்குக் குருவாக வந்த டெடி பாஸ்டன் தான் அவர். குருமனைத் தோட்டத்தில் 2 அடி அகலப் பாதை பதித்து, 1919-இல் செய்யப்பட்ட "பிக்ஸி" என்னும் மெய்யான நீராவி இஞ்சினையே ஓட்டினார்! நண்பர் இருவரும் ஊர் ஊராய்ச் சென்று இரயில்களைப் பார்த்தனர். 15 அங்குல அகலமே உள்ள ரேவன்கிளாஸ் பாதைக்கு அவர்கள் சென்றதன் பயனாக 1967-இல் ஒரு நூல் பிறந்தது. அதில் ஒல்லிக் குருவாக ஆட்ரியும் பருத்த குருவாக பாஸ்டனும் வருகின்றனர். உருவத்தைப் பற்றிய கேலியை அச்சில் ஏற்றிய பின்னும் நட்பு குலையவில்லை. பாஸ்டன் 1986-இல் காலமானார். அவர் துணைவியார் 2005 வரை அத்தோட்டத்து இரயிலை நடத்தி வந்தார்.

ஆட்ரி வேல்ஸ் நாட்டில் தாலித்லின் பாதையிலும் தொண்டாற்றினார். உலகில் முதன்முதலாகத் தொண்டர்களே பாதுகாத்து நடத்திய இரயில் பாதை அது. 1952-இல் கார்டாகப் பணி செய்தபோது, சிற்றுண்டி விற்கும் அம்மையாரை நிலையத்திலேயே விட்டுவிட்டுக் கொடியசைத்துவிட்டார். திருத்தலப் பயணத்தில் உபதேசியாரையே விட்டுவிட்டுப் பேருந்தைக் கிளப்பிய அனுபவம் உள்ள நாம் அவரைக் குறைகூற இயலாது.

மாதிரி கட்ட இடமோ பணமோ இல்லாத சிறுவர்கள் பாதையோரம் நின்று இஞ்சின் எண்களைக் குறித்தனர். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இயன் ஆலன் 1942-இல் இஞ்சின் எண்களைத் தொகுத்துச் சிறு நூலாக வெளியிட, அப்பழக்கம் நாடெங்கும் பரவியது. 1944-இல் டாம்வொர்த்தில் பையன்கள் தண்டவாளத்துக்குள் புகுந்து தொல்லை நேரவே, ஆலன் அவர்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். இரயில்வே எல்லைக்குள் அத்துமீறிக் கால் வைப்பதில்லை என்பது உறுப்பினர் ஏற்கவேண்டிய விதி. இந்த விதியை எழுதும்போது நம் கை சற்று நிற்கிறது. வரும் வண்டியைக் கைப்பேசியில் படம் பிடிக்கப் பாதைக்கு மிக அருகே சென்ற இளைஞன் ஒருவனை நாமே அடக்கம் செய்திருக்கிறோம். அவன் தாய் அன்று நம்மிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் நம்மிடம் விடையில்லை. பிள்ளைகள் இரயில் பார்க்கட்டும். பெற்றோர் முதல் சிலமுறை உடன் சென்று, எங்கே நிற்பது என்று காட்டிவிட்டு வரவேண்டும்.

மூன்றாமவர் எரிக் ட்ரீசி. 1936-இல் லிவர்ப்பூல் நகரின் எட்ஜ் ஹில் பங்குக்கு வந்தபோது, இஞ்சின் கொட்டகையும் தொழிலாளர் வீடுகளும் அவரது பராமரிப்பில் வந்தன. கரி படிந்த கொட்டகைக்குள் காமிராவுடன் சென்றார். டிரைவர்களும் கரி அள்ளுவோரும் நண்பர்களாயினர். ஆலயத்துக்கு வராதவரை இவர் தேடிச் சென்று பார்த்தார் என்றே நாம் இதைக் கொள்கிறோம்; பொழுதுபோக்கு என்று தள்ளுவோர் தள்ளட்டும். போர்க்காலத்தில் படைக் குருவாகப் பணியாற்றித் திரும்பினார். 1968-இல் வேக்ஃபீல்டு ஆயரானார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பிரிட்டிஷ் இரயில்வேயின் பெரும் பாதைகளில் நீராவி வண்டிகள் ஓய்ந்தன. எனினும் சிறப்பு வண்டிகள் அவ்வப்போது ஓடின. ஆயரும் காமிராவை எடுத்துக்கொண்டு சென்றார்.

1976-இல் பணி ஓய்வு பெற்றார். 1978 மே 13 அன்று ஆப்பிள்பி நிலைய நடைமேடையில் சிறப்பு வண்டி ஒன்றுக்காகக் காத்து நின்றார். அதை இழுத்துவர இருந்தது "ஈவ்னிங் ஸ்டார்". 1960-இல் ஸ்விண்டன் பட்டறையில் உருவான, பிரிட்டிஷ் இரயில்வேக்கெனக் கட்டப்பட்ட கடைசி நீராவி இஞ்சின். காத்திருந்த இடத்திலேயே ஆயர் சாய்ந்து உயிர் நீத்தார். அவருக்கு வயது 70. அவர் எடுத்த 12,000-க்கும் மேற்பட்ட படங்கள் யார்க் நகரில் உள்ள தேசிய இரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆப்பிள்பி நிலையத்தில் அவர் பெயர் தாங்கிய நினைவுத் தகடும் உண்டு.