வீட்டில் ஒரு நீண்டகாலக் கொப்பி: பிள்ளைகளும் அமெரிக்க மாநிலங்களும்

ஊருக்குத் திரும்பியதும் பெற்றோரின் நாட்கள் காணி, கிணறு, கூரை, அலுவலக வரிசை என்று ஓடிவிடும். பிள்ளைகளின் நிலை வேறு. ஒரு வருடம் முகாமில் படித்திருப்பார்கள், அடுத்த வருடம் உறவினர் வீட்டிலிருந்து வேறொரு பாடசாலைக்குப் போயிருப்பார்கள். தொடங்கிய பாடம் எதையும் ஒரே கொப்பியில் முடித்துப் பார்த்த அனுபவம் பல பிள்ளைகளுக்கு இல்லை. கீழே சொல்லும் வேலை அதற்காகத்தான். இரண்டு வருடம் வரை நீளும், செலவோ மிகக் குறைவு.

இது பாடசாலைக்குப் பதிலான வேலை அல்ல. இலங்கையில் 5 முதல் 16 வயது வரையான பிள்ளைகள் பாடசாலை செல்வது கட்டாயம். பத்திரங்கள் தொலைந்திருந்தால் உடனே பாடசாலை அதிபரையும் கிராம அலுவலரையும் கண்டு பேசுங்கள். பத்திரம் வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கொப்பி வேலை மாலை நேரத்துக்கும் விடுமுறைக்கும் உரியது.

120 பக்கச் சி.ஆர். கொப்பி ஒன்று போதும். ஐக்கிய அமெரிக்காவில் 50 மாநிலங்கள். ஒரு மாநிலத்துக்கு எதிரெதிராக இரண்டு பக்கம் என்றால் 100 பக்கம். மிஞ்சும் 20 பக்கத்தில் தேசப்படமும் பொருளடக்கமும் வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு மாநிலம் என்று போனால் 100 வாரத்தில் கொப்பி நிறையும். பரீட்சைக் காலத்தில் நிறுத்திவைத்துப் பிறகு தொடரலாம்.

ஏன் அமெரிக்கா என்று கேட்பீர்கள். வல்வெட்டித்துறைப் பிள்ளைக்கு அந்த நாடு அவ்வளவு தூரமில்லை. இந்தக் கரையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1937இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட அது ஏடன், சுயஸ், ஜிப்ரால்டர், பேர்முடா வழியாக 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பலுக்கு அப்போது புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று புதுப்பெயர். அதைச் செலுத்திச் சென்றவர்களில் இவ்வூர் மாலுமிகளும் இருந்தார்கள். ஆகவே கொப்பியின் முதல் மாநிலம் மசாசூசெட்ஸ் ஆகட்டும். கப்பலின் நீளம் 89 அடி, ஏறக்குறைய 27 மீற்றர். ஒரு கயிற்றை அளந்து ஒழுங்கையில் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு சின்னக் கப்பலா அத்திலாந்திக்கைக் கடந்தது என்ற கேள்வி பிள்ளையிடமிருந்து தானாக வரும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் புத்தகத்தில் இல்லாத பலதும் கிடைக்கும், அவற்றையும் எழுதட்டும்.

அதே பக்கத்தில் வைத்தியர் சாமுவேல் கிறீனுக்கும் இடம் வையுங்கள். மசாசூசெட்சின் வூஸ்டர் நகரைச் சேர்ந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தவர். அங்குள்ள கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை அவர் பெயரில்தான் இருக்கிறது.

அடுத்த சில மாநிலங்களையும் இப்படியே நம் பக்கத்திலிருந்து பிடிக்கலாம். 1862இல் சென்னையில் அச்சான பெரிய தமிழ் - ஆங்கில அகராதியைத் தொகுத்த மிரன் வின்ஸ்லோ வெர்மொண்டில் பிறந்தவர். 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையைத் தொடங்கிய அவர் மனைவி ஹரியட் கனெக்டிகட்டைச் சேர்ந்தவர். பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடர் நியூ ஜேர்சிக்காரர். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தெரிந்திருக்கும், அதை நிறுவிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி. பிள்ளை தான் இருந்த நாட்டையும் திரும்பிவந்த ஊரையும் ஒரே பக்கத்தில் எழுத இது நல்ல வழி.

எல்லா மாநிலத்துக்கும் இப்படிக் கதை கிடைக்காது. அங்கே சாதாரண விபரங்களே போதும்: வெளிவரைப் படம், தலைநகர், அயல் மாநிலங்கள், ஆறு, விளைபொருள், ஒன்றியத்தில் சேர்ந்த வருடம். முதலில் சேர்ந்தது டெலவெயர், 1787இல். கடைசியாக ஹவாய், 1959இல். கணிதத்தையும் கொஞ்சம் கலந்துவிடுங்கள். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். மேற்கு வர்ஜீனியா அதைவிடச் சற்றுச் சிறியது, டெக்சாஸ் பத்து மடங்குக்கும் பெரியது. மிகச் சிறிய மாநிலமான றோட் ஐலண்டுக்குள்கூட யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல மூன்றுக்கு மேல் அடங்கும். குளொஸ்டர் ஏறக்குறைய 43 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது, நாம் 10 பாகையில். அங்கே பனி விழுவதும் இங்கே விழாததும் ஏனென்று தரம் 6 பிள்ளையே விளக்கிவிடும்.

சில பக்கங்கள் பிள்ளையின் மனதைத் தொடும். 2005இல் கத்ரீனா சூறாவளி லூசியானாவைத் தாக்கியபோது நியூ ஓர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. இலட்சக்கணக்கானோர் வேறு மாநிலங்களுக்குப் போனார்கள். சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவேயில்லை. ஒக்லஹோமா பக்கத்துக்கு வந்தால், 1830களில் சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டு அங்கே நடத்திச் செல்லப்பட்ட செரோக்கி மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அந்த இடத்தில் பிள்ளை தன் கதையையும் எழுத விரும்பினால் எழுதட்டும். எழுதாமல் அடுத்த மாநிலத்துக்குப் போனாலும் விட்டுவிடுங்கள், தூண்டிக் கேட்க வேண்டாம். நித்திரையின்மை, பயம், பேச்சுக் குறைவு தொடர்ந்து தெரிந்தால் ஆசிரியரிடமோ மருத்துவமனையிலோ சொல்லுங்கள்.

இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கொப்பி போதும். மூத்தது எழுதும், சின்னது நிறம் தீட்டும். எழுத்துப் பிழையைச் சிவப்புப் பேனையால் திருத்தாதீர்கள்; அந்த வேலைக்குப் பாடசாலைக் கொப்பிகள் இருக்கின்றன. தகவலுக்குப் பாடசாலை நூலகத்தில் உள்ள தேசப்படப் புத்தகம் உதவும். வெளிநாட்டு உறவினர் தொலைபேசி எடுக்கும்போது, அவர் இருக்கும் நகரைப் பற்றி ஒரு கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும். கொப்பியில் ஒட்ட இலை, சிப்பி பொறுக்கப் போகும் பிள்ளைகள் எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள்ளும் பாழடைந்த வீடுகளுக்குள்ளும் போகக் கூடாது.

அமெரிக்கா வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் இதே முறையில் இலங்கையின் 25 மாவட்டங்களை எடுக்கலாம். ஒரு வருடத்தில் முடிந்துவிடும். எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் தொடங்கிய திகதியையும் எழுதுங்கள். கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைகளும் உள்ள அதே பையில் வையுங்கள். அவசரத்தில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் அந்தப் பையைத்தான் முதலில் எடுப்பீர்கள்.