சொட்டாத டீசல் கசிவு
கீரை ஏற்றும் என் பழைய மினி லாரி காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாம மக்கர் பண்ணுச்சு. சந்தை போவதற்குள் கீரை வாடிடும். பம்பையே மாத்தணும்னாங்க. கீழே ஒரு சொட்டு டீசல் இல்லை.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி டீசல் டேங்குக்கே இறங்கிடும்.

பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற டியூப் ஒரு துண்டு மாட்டி எஞ்சினை ஓட்டினேன். குமிழி குமிழியாய் வந்தது. டேங்க் பக்கம் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்திருந்தது. ஹோஸும் கிளிப்பும் மாற்றி, ஏர் எடுத்தேன்; சரியாயிடுச்சு.

ஒரு எச்சரிக்கை: இன்ஜெக்டர் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீங்க. அந்த அழுத்தத்தில் டீசல் தோலையே துளைக்கும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.