எப்ப வடிச்ச சோறு?

சங்கரன்கோவிலில் ஒரு வைகாசி முகூர்த்தம். மதியம் இரண்டரை மணி. கடைசிப் பந்தி எழுந்துவிட்டது. ஆக்குப்புரையில் தவசிப்பிள்ளை அண்டாவின் தட்டைத் தூக்கிப் பார்த்தார். பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இன்னும் நூத்தம்பது பேருக்குச் சோறு கெடக்கு" என்றார். அன்று ஊருக்குள் கல்யாணம் ஒன்றிரண்டு அல்ல. சொந்தபந்தம் எல்லா மண்டபத்திலும் தலையைக் காட்டி மொய் எழுதிவிட்டு, ஏதோ ஒன்றில் மட்டும் கை நனைத்திருந்தது.

யாரோ போன் போட்டார்கள். அரை மணி நேரத்தில் ஒரு குட்டியானை வந்து நின்றது. தறிக்குப் போகிற பையன்கள் மூன்று பேர். மிஞ்சிய சாப்பாட்டை வாங்கிக்கொண்டுபோய்ப் பசித்தவர்களுக்குக் கொடுப்பதை முகூர்த்த நாள் வேலையாக வைத்திருக்கிறவர்கள். எவ்வளவு இருக்கிறது, என்ன கூட்டு, பாயசம் உண்டா என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. மூத்தவன் கேட்டது ஒன்றுதான்: "எப்பண்ணே வடிச்சது?" பதினொன்றரை என்றதும், சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து அண்டாத் தட்டின் மேலேயே 11.30 என்று எழுதினான். பிறகுதான் தூக்கினார்கள்.

நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அந்த 11.30 என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

இப்படி மிஞ்சியதை வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு வழங்கும் 'உணவு வங்கி' என்ற பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1967-இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கியைத்தான் உலகின் முதலாவது என்கிறார்கள். கடைகளில் விற்காமல் கிடக்கும் தகரடப்பா, மாவு, ரொட்டி, பழம் இவற்றைச் சேர்த்துவைத்து, தேவைப்படுகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவர் திட்டம். உள்ளவர்கள் போடுகிறார்கள், இல்லாதவர்கள் எடுக்கிறார்கள். வங்கி என்ற பெயர் அதற்குப் பொருத்தம். டப்பாவில் அடைத்த பயறு ஒரு வருஷம் அலமாரியில் தூங்கினாலும் கேடில்லை.

நம் ஊரில் மிஞ்சுவது டப்பா அல்ல. வடித்த சோறு, தாளித்த சாம்பார், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு. இதைப் போட்டுவைக்க எந்த வங்கியாலும் முடியாது. வாங்கிய கையோடு கொடுத்தாக வேண்டும். 2014-இல் பத்மநாபன் கோபாலன் கோயம்புத்தூரில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு கல்யாண மண்டபங்களின் மிச்சத்தை வண்டியில் ஏற்றி ஓடியதும் இதே அவசரத்தில்தான். மிஞ்சும் உணவை மீட்டு வழங்குவதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிமுறை போட்டது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று பதிவு வைக்கச் சொல்கிறது அது. தட்டில் பேனாவால் எழுதிய பையன் அந்த விதிமுறையைப் படித்திருக்க மாட்டான். தவசிப்பிள்ளைகளிடம் படித்திருப்பான்.

சரி, நேரத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? உலையில் கொதித்த சோற்றில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்?

இருக்கும். அதன் பெயர் பேசில்லஸ் சீரியஸ். வயல்மண்ணில் வாழ்வது, நெல்லோடு ஒட்டிக்கொண்டு அரிசிக்கும் வந்துவிடும். காலம் கெட்டால் இது தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு விதைபோல உறங்கிவிடும். வித்து என்கிறார்கள். கொதிநீரில் மற்ற கிருமிகள் செத்துப்போகும்போது இந்த வித்துகளில் பல பிழைத்துக்கிடக்கும். அது மட்டுமல்ல, அந்தச் சூடே அவற்றைத் தட்டி எழுப்புகிற சேவலாகவும் ஆகிவிடுகிறது. சோறு ஆறத் தொடங்கியதும் ஓடு பிளந்து முளைக்கின்றன. ஈரம், மாவு, இதமான சூடு மூன்றும் சுற்றிலும். போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை, எல்லாம் உலையில் செத்தாயிற்று. ஆளில்லாத ஊரில் குடியேறிய கதைதான்.

கணக்குக்காக ஒரு கிராம் சோற்றில் பத்து வித்து பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். நம் வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை அவை இரட்டிக்கின்றன. நாலு மணி நேரத்தில் 2,560. பயமில்லை. இன்னொரு நாலு மணி நேரம் விட்டால் 6,55,360. கிராமுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலே வயிற்றுக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்வது வழக்கம். முதல் பாதியில் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு இரண்டாம் பாதியில் குடியைக் கெடுக்கிறது. கந்துவட்டிக்கு வாங்கியவருக்கு இந்தக் கணக்கு விளக்காமலே புரியும்.

பெருகும்போது இது செருலைடு என்றொரு நச்சை விடுகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. திரும்பக் கொதிக்கவைத்தாலும் சிதையாது. "ஒரு கொதி விட்டாச் சரியாப்போயிரும்" என்ற நம் வீட்டு வைத்தியம் கிருமியைக் கொல்லும். அது விட்டுப்போன நச்சை ஒன்றும் செய்யாது. சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்திலேயே குமட்டி வாந்தி வரலாம். 1970-களின் தொடக்கத்தில் லண்டன் பக்கம் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு இப்படி வாந்தி வந்தபோதுதான் மருத்துவ உலகம் இந்தச் சோற்று நோயைக் கண்டுகொண்டது. ஐஸ்பெட்டியில் வைத்தால் பருக்கை ஒட்டிக்கொள்ளும் என்று, வடித்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து மறுநாள் வறுத்திருக்கிறார்கள்.

ஊசிப்போனது மூக்குக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரிகிற கெடுதல் வேறு. உளுந்தவடையைப் பிட்டால் நூல்விடுகிறதே, அது இந்தக் கிருமியின் பங்காளி ஒருத்தன் வேலை. அவன் கூச்சல் போட்டுக்கொண்டு வருகிறவன். வாடையடிக்கும், பிசுபிசுக்கும், கையே பின்வாங்கும். சத்தமில்லாமல் வருகிறவனைத்தான் கடிகாரம் வைத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கல்யாண அண்டா இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசும். அறுபது டிகிரி செல்சியஸுக்கு மேலே இந்தக் கிருமி வளராது. மூடிய அண்டாவின் நடுச்சோறு வெகுநேரம் அந்தச் சூட்டைத் தாண்டியே இருக்கும். அதுவரை அண்டா நம் கட்சி. அறுபதுக்குக் கீழே இறங்கியதும் கட்சி மாறிவிடும். சோறு சூட்டை எளிதில் கடத்தாது. ஆறுகிற நேரம் ஆழத்தோடு மட்டுமல்ல, ஆழத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. இரண்டடி ஆழச் சோற்றை ஓரடியாகப் பரப்பினால் பாதி நேரத்தில் அல்ல, கால்வாசி நேரத்திலேயே ஆறிவிடும். பாயை விரித்து, மேலே வெள்ளை வேட்டியை விரித்து, வடித்த சோற்றைக் கொட்டிப் பரப்பும் நம் பழைய கல்யாணச் சமையலில் இந்த இயற்பியல் ஒளிந்திருக்கிறது. பருக்கை குழையாமல் இருக்க அப்படிச் செய்கிறோம் என்பார்கள். சங்கரன்கோவில் கோடையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிழலே 38 டிகிரி அடிக்கும்போது எவ்வளவு பரப்பினாலும் அதற்குக் கீழே ஆறாது. சூடாகவே வைத்திருந்து கொடு, அல்லது சீக்கிரம் கொடு. மூன்றாவது வழி இல்லை.

எல்லாப் பதார்த்தத்துக்கும் ஒரே கடிகாரம் இல்லை என்பதை வண்டியிலேயே பார்த்தேன். கூட்டுச் சட்டியைப் பையன்கள் ஏற்றவே இல்லை. தேங்காய் போட்டது, முதலில் போய்விடும். நம் திருநெல்வேலிக் கல்யாணங்களில் மறுநாள் விருந்துக்கு வைக்கும் சொதி இன்னும் மோசம். தேங்காய்ப்பால் திரிந்துவிடக் கூடாதென்று கடைசியில் ஊற்றி, நன்றாகக் கொதிக்கவிடாமலே இறக்குவோம். ருசிக்கு அதுதான் நல்லது. கிருமிக்கும் அதுவே நல்லது. மேலே பிழிகிற எலுமிச்சை, பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சையாகவே இருந்தாலும், அவ்வளவு பாலைக் காப்பாற்றப் போதாது. புளியோதரைக்கு மட்டும் தனிக் கெத்து. புளியின் காடியில் கிருமி திணறும், புளிக்காய்ச்சலில் தண்ணீர் வற்றியிருக்கும், நல்லெண்ணெய் பருக்கையைப் போர்த்தியிருக்கும். யாத்திரைக்குக் கட்டுச்சோறாகப் புளிச்சோற்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் கிருமியைக் கண்டவர்கள் அல்ல. வழியில் வயிறு கெட்டவர்களைக் கண்டவர்கள்.

அன்னதானம் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆடித்தபசு அன்று சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றிப் பந்தல் பந்தலாகச் சோறு போடுவார்கள். பருத்தியையும் வத்தலையும் விளைவித்தவர்கள் சூறைவிடும் திருநாள் அது. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஆனால் அன்னதானத்தில் பசித்தவர் பந்திக்கு வருவார் என்று தெரிந்தே சோறு வேகிறது. மிச்சத்தைக் கொடுப்பவர்களுக்கோ சோறு முதலில் வெந்துவிடுகிறது, பசித்தவரைப் பிறகு தேட வேண்டியிருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் நூற்றுக்கு 28 பங்கு சமைத்துப் பரிமாறும் இடங்களில். பசித்தவர் எங்கே என்று கேட்டு ஓட ஆளில்லாமல் போனதும் அதில் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

பையன்களுக்கு இடம் தெரியும். அரசு மருத்துவமனைக்கு வெளியே, நோயாளிக்குத் துணையிருக்க வந்தவர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அண்டாவைத் திறந்தபோது இன்னும் ஆவி வந்தது. ஓடிவந்து யாரும் நெரிக்கவில்லை. கையேந்துகிற ஆட்கள் இல்லை அவர்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்த சம்சாரிகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவன் அதைப் புரிந்துகொண்டவன்போல, "கல்யாண வீட்டுச் சாப்பாடு, வாங்க" என்று மட்டும் சொன்னான். மிச்சம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. தமிழில் மிச்சத்துக்கும் எச்சிலுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. இலையில் விழாதவரை அது மிச்சம். ஆனாலும் வாங்குகிறவர் காதில் அந்தக் கோடு அழிந்துவிடக் கூடும்.

தூக்குவாளியோடு ஓர் ஆச்சி வந்தாள். உடனே நீட்டவில்லை.

"யய்யா, எப்ப வடிச்ச சோறு?"

தட்டைத் திருப்பிக் காட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. "பதினொன்னரை, ஆச்சி" என்றான்.

அவள் வெயிலைப் பார்த்தாள், எதையோ மனசுக்குள் கூட்டினாள். "எந்த வீட்டுக் கல்யாணமோ, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாளியை நீட்டினாள். "கொழம்பு இலையில ஊத்து. வாளிக்குள்ள ஊத்தாத."

வாளிச் சோறு எதற்கு என்று கேட்டேன். உள்ளே படுத்திருக்கிற மகனுக்கு விடியற்காலையில் நீத்தண்ணி வேண்டும் என்றாள். குழாயடிக்குப் போய் அப்போதே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். பொழுதுசாய ஊற்றக்கூடாதா என்றதற்கு, "அதுக்குள்ள அது ஒரு கொணம் எடுத்துரும்லா" என்றாள்.

தண்ணீர் ஊற்றிய சோறு சட்டென்று ஆறும். பிறகு ராத்திரி முழுக்க லாக்டிக் அமிலக் கிருமிகள் அதில் புளிப்பேற்றும்; புளிப்பேற ஏற மற்றது தலையெடுக்காது. ஆனால் அவை முந்திக்கொள்ள வேண்டும். கெட்ட கிருமி முந்தி நச்சு விட்டிருந்தால், புளிப்பால் அதை எடுக்க முடியாது.

வண்டி திரும்பும்போது பையன் ஈரத்துணியால் தட்டிலிருந்த 11.30-ஐத் துடைத்தான். ராத்திரி ரிசப்ஷன் ஒன்று இருந்தது.