செய்தி நம்மை வந்தடையும் வழி

இராசபாளையத்து ஆலைத் தொழிலாளரும் திருவில்லிபுத்தூர்க் கடைவீதி வணிகரும் தேநீர்க் கடையில் ஒரே நாளிதழைப் பங்கிட்டுப் படித்த காலத்தை நாம் அறிவோம். 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி' நாளிதழ், எளிய தமிழால் அத்தகைய வாசகரைத் தேடிச் சென்றது. 1941 முதல் கடல் கடந்து ஒலித்த பி.பி.சி. தமிழோசை, 2017 ஏப்ரல் 30-உடன் சிற்றலையில் ஓய்ந்தது; பி.பி.சி.யின் தமிழ்ச் செய்தி இன்று இணையத்தின் வழியே கைபேசிக்கு வருகிறது.

வழி மாறியதில் குறையில்லை. ஆனால், நாளிதழில் தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஆசிரியர், வெளியிடுவோர் பெயர்கள் அதிலேயே உண்டு. வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் செய்திக்கோ பெரும்பாலும் தாயுமில்லை, தந்தையுமில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்தி கைபேசிகளில் பரவியபோது, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு சூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐவருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் வரம்பிட முன்வந்தது.

ஆயினும், இறுதி வரம்பு நம் விரல் நுனியில்தான் உள்ளது. எழுதியவர் யார், வெளியிட்டது எவ்விதழ், நாள் எது என வினவிய பின்னரே பிறருக்கு அனுப்புவோம். விடை கிட்டாத செய்தி நம்மோடு நின்றுவிடட்டும். பெற்றோர் அவ்வாறு செய்யின், பிள்ளைகளும் கண்டு கற்பர்.